பெரட்டுக்கு முன் மூன்று அசைவு

பதுளைக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜெயராசாவின் மகள் பிரஷாந்தினி, தான் செய்யும் தொழில் இன்னதென்று பிறருக்கு விளங்க வைப்பதற்குள் களைத்துப் போய்விடுவாள். புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் ஏதேனும் ஒரு கருவியைச் செய்வார்கள். மேசையின் மீது அது அழகாக வேலை செய்யும். மழையிலும் பனியிலும் கொண்டுபோய் வைத்தால் மூச்சை நிறுத்திவிடும். அப்போது அவளை அழைப்பார்கள். கருவிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கணினிக்கு எழுதப்பட்ட மென்பொருளைத் திறந்து, பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி, மறுபடி நிற்காதபடி செய்து கொடுப்பாள். எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு விடுதியின் மின்பூட்டு வெளிநாட்டு விருந்தினரைக் கொட்டும் மழையில் வெளியே நிறுத்தி வைத்தபோதும் அவளைத்தான் அழைத்தார்கள்.

"நம்ம பிள்ளை சாமான் ரிப்பேர் பண்ணுது" என்று ஜெயராசா கடைக்கு வருபவர்களிடம் சொல்வார். அவள் மறுப்பதில்லை. கடையின் மேல்மாடியில் இருந்த அறையே அவளுடைய பணிமனை.

கார்த்திகை மழை தொடங்கியிருந்த ஒரு நாள் பிற்பகல், அந்த அறைக்கு ஸனூஸ் வந்து சேர்ந்தான். பண்டாரவளைக்காரன், மண்சரிவை முன்கூட்டியே அறிவிக்கும் தூண்களைச் செய்து விற்கும் சிறு நிறுவனமொன்றை இரண்டு நண்பர்களுடன் தொடங்கியிருந்தான். அந்தத் தூண்களின் மென்பொருளைச் செம்மைப்படுத்திக் கொடுத்தவள் பிரஷாந்தினிதான். மடுல்சீமைக்கு அப்பால் உள்ள கல்லோடைத் தோட்டத்தில் முதன்முதலாக அவற்றை நட்டிருந்தார்கள். தூண் இம்மியளவு சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் அறிந்துகொள்ளும். சாய்வு அளவு மீறினால், தொழிலாளரின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் பொருத்தியிருக்கும் சங்கு ஊதும். அங்கே வசிக்கும் குடும்பங்கள் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

"அக்கா, சங்கு ஊதிட்டுது" என்றான் ஸனூஸ், நாற்காலியில் உட்காராமலே.

"சரிவா?"

"சரிவுமில்ல, ஒண்ணுமில்ல. நல்ல வெயில். கல்லறைத் திருநாள் அன்டைக்கு. லயமே பிள்ளை குட்டியத் தூக்கிட்டு ஓடியிருக்கு. ஒரு கெழவர் கோழியத் தூக்கிட்டு ஓடி வழுக்கி வுழுந்திருக்கார். இப்ப என்னயக் கண்டா கோழி மாதிரிக் கூவுறாங்க."

பிரஷாந்தினி சிரிக்கவில்லை. இன்னொரு முறை இப்படி வீணாக ஊதினால் தூண்களைப் பிடுங்கிவிடும்படி தோட்ட நிருவாகம் சொல்லிவிட்டதாம். அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்றிருந்தது. ஒருமுறை பொய்யாகக் கூப்பிட்ட சங்கை மறுமுறை யாரும் நம்பமாட்டார்கள். மெய்யாகவே மலை இறங்கும் நாளில் அந்தக் குடும்பங்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்.

ஊதவைத்தது ஏழாம் இலக்கத் தூண். அதன் பதிவுகளை அவள் கணினியில் விரித்தாள். கல்லறைத் திருநாளன்று அது பித்துப் பிடித்ததுபோல் ஆடியிருந்தது. ஆனால் அவளுடைய பார்வை வேறோரிடத்தில் போய் நின்றது. மற்ற நாள்களின் கோடு அசைவற்று நேராக ஓடியது. ஒவ்வொரு விடியலிலும் மட்டும் மூன்று சிறு மேடுகள். முதலாவது சற்றுப் பலமாக, அடுத்த இரண்டும் மெதுவாக. மூன்று முறை சாய்ந்து, மூன்று முறை நிமிர்ந்து, பிறகு நாள் முழுவதும் அமைதி.

"காத்தா இருக்கும்" என்றான் ஸனூஸ்.

"காத்து தினமும் ஒரே நேரத்துல, மூணே தடவை அடிக்குமா?"

அந்தத் தூண் நிற்கும் இடத்தைப் பற்றி இருவருக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு லயம் இருந்தது. ஒரு காலையில் மலை இறங்கி அதை மூடிவிட்டது. தோண்டிப் பார்த்தார்கள், சிலரை எடுத்தார்கள், மழை விடாமல் பெய்யவே தோண்டுவதை நிறுத்தி, அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எடுக்கப்படாதவர்கள் இன்னும் அதனடியில்தான் இருக்கிறார்கள். யாரோ கீழிருந்து கதவைத் தட்டுவதுபோல் அந்த மூன்று மேடுகளும் திரையில் வரிசையாக நின்றன. பிரஷாந்தினி கணினியை மூடினாள். மூடிய பின்னும் அவை கண்ணுக்குள் இருந்தன.

இரண்டு நாள் கழித்து அவள் கல்லோடைக்குப் போனாள். அன்றிரவு ஆசிரியர் விடுதியில் தங்கி, மறுநாள் விடியுமுன் தோட்டக் காவல்காரர் மாணிக்கராஜுடன் நடந்தாள். கல்லறைத் திருநாளன்று கோழியோடு விழுந்த பெரியவர் அவர்தான் என்பது வழியில் தெரிய வந்தது.

"மிஸ், ஒங்க சங்கு ஊதுனா கோழி முட்ட போட மாட்டேங்குது" என்றார் மாணிக்கராஜ். "அதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா ஒங்க கம்ப்யூட்டர்ல?"

"மன்னிக்க வேணும் ஐயா."

"சும்மா சொன்னேன். அதுவும் கிழடு, நானும் கிழடு."

பனி கலையவில்லை. தேயிலைச் செடிகள் முடிந்து, புல் மண்டிய சரிவு ஒன்று தொடங்கிற்று. அந்தச் சரிவின் நடுவே பச்சை ஒளிப்புள்ளி ஒன்று விட்டுவிட்டுச் சிமிட்டிற்று. அது ஏழாம் தூணின் விளக்கு. கருவி உயிரோடு இருக்கிறது என்று திருத்த வருபவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது; வேறெந்தப் பயனும் இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்த அடுத்த வடிவத்தில் அதை எடுத்துவிடுவதென்று பிரஷாந்தினி முடிவு செய்திருந்தாள்.

அருகே போனபோது அவள் நின்றுவிட்டாள். தூணின் கழுத்தில் காய்ந்த சாமந்தி மாலைகள். ஒரு ஜெபமாலை. கம்பியில் சுற்றிய மஞ்சள் துணி. அடியில் மெழுகு வழிந்து உறைந்த தகர டப்பாக்கள். 'தொடாதீர்கள்' என்று ஸனூஸின் ஆட்கள் ஒட்டிய தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதன்மீது யாரோ பக்தியோடு சந்தனம் வைத்திருந்தார்கள்.

மேட்டுப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் இறங்கி வந்தார். முதுகில் கொழுந்துக் கூடை, பனிக்குத் தலையில் படங்குச் சாக்கு. தூணருகே வந்ததும் அவர் கூடையை இறக்கவில்லை, கும்பிடவுமில்லை. உறங்குபவரின் தோளைத் தொடுவதுபோல் தூணைத் தொட்டார். முதலில் பலமாக ஒரு முறை. பிறகு மெதுவாக இரண்டு முறை.

"எந்திரி ஜெசீ. பெரட்டுக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான். கொழுந்து பறிப்பவர்கள் காலையில் ஒன்றுகூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தை நோக்கி அவர் நடந்தார். ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து பெரட்டுச் சங்கு ஊதிற்று. பிரஷாந்தினியின் கையிலிருந்த அலைபேசித் திரையில் மூன்று மேடுகள் வந்து விழுந்திருந்தன.

"நேசராணி" என்றார் மாணிக்கராஜ் தாழ்ந்த குரலில். "மக உள்ளுக்குத்தான் இருக்கு."

அன்று மாலை, நேசராணியின் வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். கீழ் லயத்தின் கடைசிக் காம்பிரா அது; ஒற்றை அறை வீடு. சுவரில் மாதா படமும், அதன் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் படமும் இருந்தன. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் பிரஷாந்தினி இரண்டு முறை தேநீரைப் புகழ்ந்தாள்.

"தேத்தண்ணிக்காக மிஸ் இம்புட்டுத் தூரம் வரல" என்றார் நேசராணி. "சொல்லுங்க."

அவள் சொன்னாள். அது நினைவுத்தூண் அல்ல, மலை அசைகிறதா என்று பார்க்கும் கருவி என்றாள். பச்சை விளக்கு யாருக்காகவும் ஏற்றப்பட்டதல்ல என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் இறங்கிற்று.

"அரசாங்கம் வெச்ச அணையா வெளக்குன்னுல்ல நெனச்சோம்" என்றார் நேசராணி. "ஆபீசுல ஏதோ பேசிட்டு வந்து நட்டுட்டுப் போனானுங்க. எங்ககிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எங்களுக்குக் கல்லறையா இருக்கு மிஸ், போயி நிக்க? வெளக்கு எரிஞ்சிச்சு. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மால போட்டு, தொட்டுக் கும்புட்டு நின்னோம்."

"பிழை எங்களுடையதுதான், அம்மா."

"அன்னிக்கு அவ ஸ்டோருல நைட்டு வேல முடிச்சு வந்து படுத்தா. ஞாயித்துக்கெழம மாதிரி தூங்கட்டும்னு எழுப்பாம பெரட்டுக்குப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா லயம் இல்ல." அவர் தேநீர்க் கோப்பையை எடுத்துக் கழுவும் பாத்திரத்தில் வைத்தார். "இப்ப தினமும் எழுப்புறேன். எந்திரிக்க மாட்டாதான். இருந்தாலும் எழுப்பணும்ல."

ஸனூஸ் தொலைபேசியில் எளிய வழி ஒன்று சொன்னான். பெரட்டு நேரத்தில் ஏழாம் தூண் சொல்வதைச் செவிமடுக்க வேண்டாமென்று மென்பொருளுக்குக் கட்டளை இட்டுவிட்டால் போதும். அரை மணி நேரம்தானே.

"மலை பெரட்டு முடியுற வரைக்கும் காத்திருக்குமா ஸனூஸ்?"

"அப்ப நீங்களே அந்த அம்மாவுக்குச் சொல்லுங்க, தொட வேணாமெண்டு. எனக்கு ஏலாது. நான் கோழி பட்டம் வாங்கினவன்."

அவள் வேறொன்று செய்தாள். அதே உயரத்தில், அதே இரும்பில் இன்னொரு தூண் செய்வித்து, சென்சார் எதுவுமின்றிப் பச்சை விளக்கு மட்டும் பொருத்தி, ஏழாம் தூணுக்குப் பத்தடி தள்ளி, மேட்டுப் பக்கத்தில் நட்டாள். மாலைகளையும் ஜெபமாலையையும் நேசராணியே தம் கையால் மாற்றினார். யாரும் கேட்காமலே மாணிக்கராஜ் அதற்கு ஒரு தகரக்கூரை போட்டார். மறுநாளிலிருந்து ஏழாம் தூணின் கோடு விடியலிலும் நேராக ஓடிற்று.

வேலை முடிந்தது. ஆனாலும் பிரஷாந்தினி தினமும் விடியலில் விழித்துக்கொண்டாள். விழித்ததும் கை தானாகத் திரைக்குப் போகும். அந்த மூன்று மேடுகளை அவள் அத்தனை நாள் பார்த்திருந்தாள். பழகியவரின் கையெழுத்துப்போல் நேசராணியின் கை அவளுக்கு மனப்பாடம். பலம், மெது, மெது. எப்போதும் மேட்டுப் பக்கமிருந்து பள்ளத்தை நோக்கி. இப்போது அந்த இடத்தில் வெறும் கோடு. தான் எதையோ அணைத்துவிட்டதாக ஓர் எண்ணம் அவளை விட்டு நீங்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் மழை மலையைப் பிடித்துக்கொண்டது. பகலும் இருட்டாகவே இருந்தது. பதுளையில் ஆறு பாலத்தைத் தொட்டதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் விடியலில், ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருக்க, அவள் திரையைப் பார்த்தாள்.

மூன்று மேடுகள்.

நேசராணிதான் பழக்கதோஷத்தில் பழைய தூணைத் தொட்டிருக்கிறார் என்று முதலில் எண்ணினாள். பிறகு உற்றுப் பார்த்தாள். மூன்றும் ஒரே அளவு, மூன்றும் மெது. திசையும் மாறியிருந்தது. பள்ளப் பக்கமிருந்து மேட்டை நோக்கித் தள்ளியிருந்தது. பள்ளப் பக்கத்தில் ஆள் நிற்க இடமில்லை. அங்கே இப்போது வெள்ளம் இறங்கிக்கொண்டிருக்கும்.

அவள் நேசராணியை அழைத்தாள்.

"நான் எங்கயும் போகல மிஸ்" என்றார் நேசராணி, காய்ச்சல் குரலில். "ரெண்டு நாளா படுக்கையில கெடக்கேன். இந்த மழையில யாரு அங்க போவா?"

அடுத்து ஸனூஸ்.

"எத்தன தூண் சொல்லுது?" என்றான் அவன்.

"ஏழு மட்டும்."

"மத்ததெல்லாம் சும்மா இருக்குதானே? சாய்வு அளவு தாண்டல்லதானே? அக்கா, நீங்க எழுதின விதிப்படியே இது ஊதக்கூடாது. யாரோ ஒரு ஆள் தொட்டிருக்கு. இந்த முறையும் பொய்யாப் போனா எல்லாம் முடிஞ்சிது. புடுங்கிப் போட்டுருவாங்க. பிறகு மெய்யாச் சரியக்குள்ள அங்க ஒண்ணுமே இருக்காது."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அவள் திரையை மீண்டும் பார்த்தாள். பிழை என்று சொல்லி ஒதுக்குவதற்கு அந்தப் பிழை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவள் தொழிலில் கற்ற ஒரே பாடம்.

"இது அந்த அம்மாவோட கை இல்ல ஸனூஸ்."

"அப்ப யார்ட?"

"தெரியாது."

சங்கை ஊதவைக்கும் கட்டளையை அவள் தன் கையால் அனுப்பினாள். நேசராணியை மறுபடி அழைத்தாள். தொலைபேசியில் மழையின் இரைச்சலுக்கிடையே சங்கு ஊதுவது கேட்டது. வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"யாரும் வெளிய வரலையா?"

"எப்புடி மிஸ் வருவாங்க? பெரட்டு நேரம். பெரட்டுச் சங்குன்னு நெனச்சிருப்பாங்க. இந்த மழைக்கு வேலைக்குப் போக முடியாதுன்னு எல்லாம் போத்திக்கிட்டுக் கெடக்குதுக."

எத்தனையோ பிழைகளை எண்ணிப் பார்த்து எழுதிய மென்பொருள் அது. விடியலில் ஊதும் சங்கைக் கேட்டால் இந்த மக்கள் என்ன நினைப்பார்கள் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"அம்மா, தயவு செஞ்சு எழுப்புங்க. மெய்யா பொய்யான்னு எனக்கே தெரியல. இருந்தாலும் எழுப்புங்க."

மறுமுனையில் அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"தெரியாட்டியும் எழுப்பணும்தான்" என்றார் நேசராணி.

தொலைபேசியை அவர் அணைக்கவில்லை. தகரக் கதவுகள் தட்டப்படுவதையும், "எந்திரி, எந்திரி, பெரட்டு இல்லடி, மலை" என்ற அவருடைய குரல் காம்பிரா காம்பிராவாக நகர்வதையும் பிரஷாந்தினி கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஏசினார்கள். ஒரு குழந்தை அழுதது. "கோழிய விட்டுட்டு வாயா!" என்று நேசராணி அதட்டினார். பிறகு இணைப்பு அறுந்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் கடைசிக் குடும்பம் ஏறி வந்து ஈரத்தைப் பிழிந்துகொண்டிருக்கையில் மலை இறங்கியது. கீழ் லயத்தின் பாதி போயிற்று. நேசராணியின் காம்பிராவும், இரண்டு தூண்களும், மாணிக்கராஜின் தகரக்கூரையும் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை. கோழியும் பிழைத்தது.

பாதை திறந்த பின் மண்ணியல் அதிகாரி ஒருவர் வந்தார். மிகவும் மரியாதையானவர். நிலம் சுழன்று சரியத் தொடங்கும்போது தூண் மேட்டுப் பக்கமாகச் சாய்வது உண்டு, அதில் வியப்பில்லை என்று பிரஷாந்தினிக்கு விளக்கினார். மூன்று முறை சாய்ந்த தூண் மூன்று முறையும் எப்படி நிமிர்ந்தது என்று அவள் கேட்டபோது, பதிவை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "கருவியின் பிழையாக இருக்கலாம், அல்லவா?" என்றார்.

அதே கருவியின் இணை அவளுடைய மேசையில் இருந்தது. கருவிகளின் பிழைகளைக் கண்டுபிடிப்பதே அவள் பிழைப்பு. நனைத்தாள், உறைய வைத்தாள், மின்னைக் குறைத்தாள், கூட்டினாள். எந்தப் பிழையைச் செய்தாலும் அந்த மூன்று மெதுவான மேடுகள் வரவில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு முன்பு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். குடும்பங்கள் இன்னமும் மண்டபத்தில்தான் இருந்தன. நேசராணி வாசற்படியில் உட்கார்ந்து சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. பிரஷாந்தினி பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். ஒன்று அவருடைய கை. மற்றது அன்றைய விடியல்.

"இது நானு" என்றார் நேசராணி, முதல் கோட்டில் விரல் வைத்து. "தலமாட்டுல நின்னு தோளப் பிடிச்சு ஆட்டுவேன். மொதல்ல பலமா. அப்பறம் பாவமா இருக்கும், மெதுவா." விரல் இரண்டாம் கோட்டுக்கு நகர்ந்து நின்றது. "இது எந்தப் பக்கமிருந்து மிஸ்?"

"பள்ளப் பக்கமிருந்து. கீழிருந்து மேலே."

நேசராணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கு ஒடம்புக்கு முடியாதப்ப அவதான் எழுப்புவா" என்றார். "கால்மாட்டுல நின்னு, காலப் பிடிச்சு. மூணு தடவ. மெதுவாத்தான் ஆட்டுவா, அம்மா பயந்துரக் கூடாதுன்னு."

மண்டபத்துக்குள் யாரோ வானொலியைத் திருகினார்கள். அதிகாரி சொன்னதைச் சொல்லலாமா என்று பிரஷாந்தினி எண்ணினாள். அது அவளுக்கே போதாமல் இருந்தது. கடைசியில், புதுத் தூண்கள் நட ஸனூஸ் வரப்போவதையும், இம்முறை நடுமுன் லயத்தாரைக் கூட்டிப் பேசப்போவதையும், பெரட்டுச் சங்கோடு குழம்பாத வேறு ஒலி வைக்கப்போவதையும் மட்டும் சொன்னாள். அவருக்கென்று விளக்குத் தூணும் ஒன்று உண்டு என்றாள்.

"ரெண்டு வேணாம் மிஸ். ஒண்ணு போதும்."

"நீங்க தொடுறதுக்கு..."

"நான் தொட மாட்டேன். தள்ளி நின்னே கூப்புட்டுக்குவேன்." நேசராணி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். "அவ தொட்டா ஒங்களுக்குத் தெரியணும்ல."

பதுளைக்குத் திரும்பியதும் பிரஷாந்தினி புதிய வடிவத்தின் வரைபடத்தைத் திறந்து, நீக்கியிருந்த பச்சை விளக்கை மறுபடி அதனிடத்தில் வைத்தாள். ஏழாம் இலக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி ஸனூஸ் எழுதியிருந்தான். அதற்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை. விடியலில் கடைவீதியின் முதல் கதவு திறக்கும் சத்தத்துக்கு முன்பே அவள் எழுந்துவிடுகிறாள். மண்ணுக்குள் கிடக்கும் ஏழாம் தூணிலிருந்து செய்தி எதுவும் வருவதில்லை; அதன் இடத்தில் வெறும் கோடுதான் ஓடுகிறது. பெரட்டு நேரம் கடக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இறங்கித் தேநீர் போடுகிறாள்.